வளைகாப்புக்கு நாற்பது சோப்பு

சாப்பாட்டு மேசை முழுக்கச் சோப்பு. நாலு கட்டி, கட்டிக்குப் 12 துண்டு, மொத்தம் 48. கடைசிக் கட்டியை நேற்று இரவு பத்தரை மணிக்கு வெட்டினேன். முதல் துண்டு சாய்ந்து விழுந்ததும் வெள்ளைக்குள்ளே நீலம் சாம்பிராணிப் புகை மாதிரி மேலேறி, ஓரிடத்தில் வளைந்து திரும்பி, மறுபடி கீழே இறங்கியிருந்தது தெரிந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கையில் வாங்கிப் பார்த்தார். "இதுதாம்மா அவ கேட்டது" என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அவள் என்றால் என் நாத்தனார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைக்க வீட்டில் செய்த ஏதாவது வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "அண்ணி, நம்ம வாசல்ல பூக்குதே சங்குப்பூ, அந்த நீலத்துல ஒரு சோப்பு பண்ணித் தர்றீங்களா?" என்று கேட்டாள். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் மூன்று தொட்டிகளில் சங்குப்பூக் கொடி இருக்கிறது. உருக்கி ஊற்றும் சோப்பு எளிது, எரிசோடாக் காரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, கடையில் விற்கும் சோப்புக் கட்டியை உருக்கு, நிறம் சேர், அச்சில் ஊற்று, அவ்வளவுதான் என்று கேள்விப்பட்டிருந்ததால் சரி என்றேன். உருக்குவதும் ஊற்றுவதும் எளிதுதான். இரண்டு நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடாமல், அதே சமயம் பிரிந்தும் போகாமல், சுழித்து நிற்க வைப்பதற்குத்தான் ஐந்து வாரமும் ஆறு முயற்சியும் ஆயின.

முதல் முயற்சி பூவைக் கொண்டே செய்தது. 15 பூவைக் காம்பு நீக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறவைத்தேன். பேனா மை மாதிரி நீலம் இறங்கியது. 150 கிராம் வெள்ளைக் கட்டியைத் துண்டு போட்டு மைக்ரோவேவில் ஒரு நிமிடம் முழுசாக வைத்தேன். அது முதல் தப்பு. ஓரமெல்லாம் கொதித்து நுரைத்து, ஒரு தீய்ந்த வாடை வந்தது, வெள்ளை லேசாக மஞ்சளடித்தது. பத்துப் பத்து விநாடியாக வைத்து, நடுநடுவே எடுத்துக் கிளறியிருக்க வேண்டும். சரி, ஆனது ஆகட்டும் என்று பூச்சாற்றில் ஒரு தேக்கரண்டி விட்டேன். கிளறக் கிளற நீலம் பச்சையாக மாறியது. காலையில் பார்த்தால் பாசி நிறம். ஒரு வாரத்தில் அதுவும் போய் வைக்கோல் நிறமாகிவிட்டது.

அத்தையிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா ஆரத்தி சிவக்குதுல்ல, அந்த மாதிரிதான். சவுக்காரமும் காரம்தானே" என்றார். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும் பூ, காரம் பட்டால் பச்சைக்கும் மஞ்சளுக்கும் போகிறது. இந்தப் பூவின் நீலம் சாதத்துக்கும் மலாய்ப் பலகாரத்துக்கும்தான் சரி. சோப்பில் அது நிற்காது. நிற்பது தாதுப்பொடிகள்தான்.

இரண்டாவது முயற்சியில் சமையலறையில் இருந்த நீல உணவுச் சாயத்தை எடுத்தேன். 100 கிராம் வெள்ளை, 100 கிராம் கண்ணாடிக் கட்டி. கண்ணாடிக் கட்டி என்று நான் சொல்வது ஒளி ஊடுருவும் கிளிசரின் கட்டியை. நிறம் அருமையாக வந்தது, இரண்டையும் அடுத்தடுத்து ஊற்றியதில் கோடும் அழகாகவே விழுந்தது. படமெடுத்து நாத்தனாருக்கு அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் கோட்டின் ஓரம் மங்கியது. எட்டாம் நாள் வெள்ளை முழுக்க வெளிர்நீலம். தண்ணீரில் கரையும் சாயம் சோப்புக்குள் ஊர்ந்துகொண்டே இருக்கும், உறைந்தாலும் நிற்காது. அதே சோப்பில் வீட்டில் கிடந்த சந்தன வாசனை எண்ணெயையும் விட்டிருந்தேன். வெள்ளைப் பக்கம் பத்து நாளில் தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) நிறத்துக்குப் போயிற்று. குப்பியைத் திருப்பிப் பார்த்தால் அடக்கப்பொருளில் வனிலின், அதாவது வனிலா மணம் தரும் பொருள், இருந்தது. வனிலின் இருக்கும் வாசனை வெள்ளைச் சோப்பைப் பழுப்பாக்கிவிடும். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் குப்பியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம்தான் ஒழுங்காகப் பொருள் வாங்கினேன். நீல மைக்காத் தூள் (மினுமினுக்கும் தாதுப்பொடி) இரண்டு சிறு டப்பா, அழகுசாதனத் தரத்தில் அல்ட்ராமரைன் நீலம் ஒரு பொட்டலம். அல்ட்ராமரைனைப் பார்த்ததும் அத்தைக்கு அந்தக் காலத்தில் வேட்டிக்குப் போட்ட நீலப்பொடி ஞாபகம் வந்துவிட்டது. உண்மையில் அதே பொருள்தான் அது. ஆனால் துணிக்கு விற்கும் நீலத்தை உடம்புச் சோப்பில் போடக் கூடாது, தரம் வேறு. நிறம் தேடி இரண்டு வாரம் அலைந்த எனக்கு, கட்டியின் ரகமே நிறத்தைப் பாதி முடிவுசெய்கிறது என்பது இந்தக் கட்டத்தில்தான் புரிந்தது. ஒரே அளவு நீலப்பொடியை வெள்ளைக் கட்டியில் போட்டால் குழந்தைச் சட்டை மாதிரி வெளிர்நீலம். கண்ணாடிக் கட்டியில் போட்டால் சங்குப்பூவின் அடர்நீலம், அதுவும் வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி உள்ளே போய் வருகிறது. அதனால் வெள்ளையை வெள்ளைக் கட்டியிலும் நீலத்தைக் கண்ணாடிக் கட்டியிலும் என்று முடிவு செய்தேன். இரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்கினேன், உருகும் பக்குவம் ஒத்துப்போக.

பொடியை நேராகச் சோப்பில் கொட்டினால் கட்டி கட்டியாகத் திரளும். ஒரு சின்னக் கிண்ணத்தில் பொடியைப் போட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு தேக்கரண்டி விட்டு, பல்குத்தும் குச்சியால் குழைத்து, கூழானதும் சோப்பில் சேர்த்தேன். இந்த ஆல்கஹால் மருந்துக்கடையில் அரை லிட்டர் 6 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைத்தது. சட்டென்று தீப்பிடிக்கக் கூடியது. அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்துதான் இந்த வேலையைச் செய்தேன்.

மூன்றாவது முயற்சி முழு அளவில். 25 சென்டிமீட்டர் நீளம், 7 அகலம், 6 உயரம் உள்ள சிலிக்கோன் அச்சு. ரொட்டி சுடுவதற்கென்று பேக்கிங் கடையில் விற்பது, 9 வெள்ளி. ஒரு கிலோ கொள்ளும். 600 கிராம் வெள்ளை, 400 கிராம் நீலம். மைக்ரோவேவை விட்டுவிட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கண்ணாடிக் குவளையை இறக்கி உருக்கினேன். இரண்டும் பளபளவென்று தண்ணீராக உருகியதும், ஆறிவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் நானும் அத்தையும் இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஊற்றினோம். சாத்தே குச்சியால், அதாவது இறைச்சித் துண்டு கோத்துச் சுடும் மூங்கில் குச்சியால், இழுத்தேன். குச்சி போன தடம் அரை விநாடி தெரிந்தது, உடனே மூடிக்கொண்டது. காலையில் வெட்டினால் முழுக்க ஒரே வெளிர்நீலம், அடியில் மட்டும் மைக்கா வண்டல் படிந்து ஒரு கருநீலப் பட்டை. ஊற்றும்போது என்ன சூடு என்று எனக்குத் தெரியாது. அளக்கவில்லை.

அடுத்த நாளே 15 வெள்ளி கொடுத்து ஊசி முனையுள்ள சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். இந்த வேலைக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியான செலவு அதுதான். முதல் நாளே வாங்கியிருந்தால் ஒன்றரைக் கிலோ கட்டி மிச்சமாகியிருக்கும். வெறுமனே ஒரு குவளையை உருக்கி, ஆற ஆற ஒவ்வொரு டிகிரியிலும் எப்படி இருக்கிறது என்று குறித்து வைத்தேன். 65 டிகிரி செல்சியஸில் தண்ணீர். மைக்கா அடியில் போய் உட்காருகிறது. 58இல் விளக்கெண்ணெயைவிடக் கொஞ்சம் நீர்த்த பதம். வாசனை சேர்க்க ஏற்றது. 54இல் மேலே மெல்லிய ஆடை படிய ஆரம்பிக்கிறது, பால் ஆறும்போது படியுமே அதே மாதிரி. 52இல் கரண்டியைத் தூக்கினால் ஒழுக்கு ஒரு கணம் மேற்பரப்பில் கோடாக நின்று அப்புறம் அமிழ்கிறது; மைக்காவும் அந்தரத்தில் நிற்கிறது. 47இல் ஓரங்களில் கட்டி. 44இல் ஊற்றவே வராது. என் கட்டிக்கு இந்தக் கணக்கு. வேறு கட்டி வாங்கினால் ஓரிரண்டு டிகிரி முன்பின் இருக்கும், ஒருமுறை இப்படி ஆறவைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நாலாவது முயற்சி கெட்டது. இந்த முறை 500 கிராம்தான், பாதி அச்சு. வெள்ளை 52இல் சரியாக இருந்தது. நீலத்தில் பொடி குழைத்துச் சேர்ப்பதற்குள் அது 46க்கு இறங்கிவிட்டதை நான் பார்க்கவில்லை, ஒரு குவளையை மட்டுமே அளந்தேன். மேலே விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. நீலம் நூடுல்ஸ் மாதிரி விழுந்தது. குச்சியால் இழுத்தபோது கோடாக வராமல் துண்டு துண்டாகப் புரண்டது. உறைந்த பின் வெட்டினால், வெங்காயத்தில் தோல் கழல்வது போல வெள்ளையும் நீலமும் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றன. கையில் எடுத்து லேசாக அழுத்தியதுமே ஒரு நீலக் கீற்று அப்படியே உருவிக்கொண்டு வந்தது. உள்ளே வெள்ளைப் பக்கத்தில் அதன் அச்சு பளிங்கு மாதிரி வழவழவென்று இருந்தது. ஒட்டவே இல்லை.

அதிலிருந்து மூன்று பழக்கம் வந்தது. ஊற்றும் நேரம் விசிறியை நிறுத்திவிடுவேன். குவளைகளை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்தி வைப்பேன், இரண்டும் ஒன்றாக ஆற. ஒவ்வொரு முறை ஊற்றியதும் மேற்பரப்பில் ஆல்கஹாலைச் சிறு தெளிப்பானால் ஒரு தடவை தெளிப்பேன். தெளித்ததும் குமிழிகள் பட்பட்டென்று உடைந்து மறைகின்றன, அடுத்த ஊற்றும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

ஐந்தாவது முயற்சியில் இரண்டு குவளையும் 52. ஊற்றினோம். சாத்தே குச்சியை அடிவரை இறக்கி நீளவாக்கில் பாம்பு மாதிரி மூன்று இழுப்பு. மேற்பரப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, மார்கழிக் கோலத்தின் கம்பிகள் மாதிரி நெளிநெளியாக இருந்தது. ஆறு மணி நேரம் கழித்து வெட்டினேன். வெட்டுமுகத்தில் ஒன்றுமே இல்லை. கீழே வெள்ளை, நடுவில் நீலம், மேலே வெள்ளை. மேலே மட்டும் நெளி.

கொஞ்ச நேரம் அந்தத் துண்டை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். குச்சியை நான் இழுத்தது கிடைமட்டமாக. வெட்டுவது நெட்டாக. இழுப்பு எந்தத் தளத்தில் போகிறதோ அந்தத் தளத்தில் வெட்டினால்தான் கோடு தெரியும். தட்டையான, ஆழமில்லாத அச்சில் ஊற்றி, மேல்முகம் தெரிய வெட்டுவதாக இருந்தால் என் நெளி அப்படியே துண்டுக்குத் துண்டு வந்திருக்கும். நான் ரொட்டி அச்சில் ஊற்றிக் குறுக்கே வெட்டுகிறேன். அப்படியானால் நீலம் மேலும் கீழுமாகப் போக வேண்டும்.

சலவைக்கடையில் துணியோடு தரும் கம்பி மாட்டியை எடுத்து, குறடால் நிமிர்த்தி, அச்சின் நீளத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவாக, 24 சென்டிமீட்டரில் கிடைக்கம்பியாக வளைத்து, இரு பக்கமும் கைப்பிடியாக மேல்நோக்கி மடித்தேன். ஊஞ்சல் பலகை மாதிரி இருக்கும். கம்பியின் மேல் வர்ணம் உரிந்து சோப்பில் சேரக் கூடாது என்பதற்காகப் பானம் குடிக்கும் மெல்லிய சிலிக்கோன் குழாயைப் பிளந்து கிடைக்கம்பியின் மேல் மாட்டினேன். அதனால் கம்பி தடிமனாகியதும் நன்மையாகவே முடிந்தது. மெல்லிய சாத்தே குச்சி சோப்பைக் கிழித்துக்கொண்டு போகும், பக்கத்துச் சோப்பு அசையாது. கொஞ்சம் தடித்த கம்பிதான் நீலத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

ஆறாவது முயற்சி, இப்படி. கம்பியை முதலிலேயே அச்சின் அடியில் ஒரு சுவரோரமாகப் படுக்க வைத்துவிட்டேன். வெள்ளையில் பாதியை ஊற்றினேன். ஆல்கஹால் தெளித்தேன். நீலத்தை நூலாக, அச்சின் நீளவாக்கில் நடுக்கோட்டில், முதலில் ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றினேன். உயரத்திலிருந்து விழும் நீலம் வெள்ளையைத் துளைத்துக்கொண்டு அடிவரை போகிறது. அப்புறம் குவளையைத் தாழ்த்தி, மேலாக ஒரு கோடு. மறுபடி வெள்ளை, மறுபடி நீலம். அத்தை வெள்ளைக் குவளை, நான் நீலக் குவளை. பிறகு கம்பியின் இரு கைப்பிடியையும் பிடித்து மெல்ல மேலே தூக்கி, ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, கீழே இறக்கி, மறுபடி நகர்த்தி, மேலே தூக்கி, எதிர்ச்சுவர் வரைக்கும் போய் வெளியே எடுத்தேன். மொத்தம் நாலு ஏற்றம், நாலு இறக்கம். ஊற்றத் தொடங்கியதிலிருந்து கம்பியை எடுக்கும்வரை ஒன்றரை நிமிடத்துக்குள். கம்பி மேலே வரும்போது நீலமும் அதன் பின்னாலேயே ஏறி வருவது ஓரத்தில் தெரிந்தது. கையில் லேசான இழுவை இருந்தது, அல்வா கிண்டும்போது கடைசியில் கரண்டி கனக்குமே அந்தக் கனத்தில் கால்வாசி. அந்தக் கனம் கையில் தெரிந்தால் பதம் சரி என்று இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வெட்டிய முதல் துண்டைப் பார்த்து நான் சத்தம் போட்டதில் அறையிலிருந்து அத்தை ஓடிவந்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்பும் செய்தேன். நாத்தனார் காலையில் வருவாளே, பார்க்கட்டும் என்று ஆறு துண்டையும் ஒரு தட்டில் அடுக்கி மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுத் தூங்கினேன். இரவு நல்ல மழை. காலையில் ஒவ்வொரு துண்டின் மேலும் முத்து முத்தாகத் தண்ணீர். வியர்த்துக் கொட்டியிருந்தது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊரிலோ விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். சீக்கிரம் உறையட்டும் என்று முன்பு ஒருமுறை உறைபெட்டியில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தபோதும் இதே வியர்வைதான், வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடத்திலேயே. குளிர்பெட்டி பக்கமே போகக் கூடாது. துடைத்து, குளிர்சாதன அறையில் இரண்டு மணி நேரம் காயவைத்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றியதும் அந்த ஆறும் பிழைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு படுக்கையறையில் குளிர்சாதனத்தைப் போட்டு, அங்கேயே வெட்டி, அங்கேயே உறைபோட்டு, ஹேர் டிரையரால் உறையைச் சுருக்கிய பின்தான் துண்டை வெளியே கொண்டு வந்தேன்.

நாலு பெரிய கட்டியையும் கடந்த இரண்டு வாரஇறுதிகளில் செய்தேன். ஒரு கட்டிக்குக் கணக்கு இது: வெள்ளை 600 கிராம், கண்ணாடிக் கட்டி 400 கிராம். அந்த நானூறில் 280ஐ அடர்நீலமாக்க அல்ட்ராமரைன் கால் தேக்கரண்டியில் பாதியும் மைக்கா அரைத் தேக்கரண்டியும்; மிச்சம் 120க்கு மைக்கா ஒரு சிட்டிகை மட்டும், இளநீலத்துக்கு. அடர்நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே இந்த இளநீலம் ஓடினால்தான் பூவின் சாயல் வருகிறது. சங்குப்பூவின் நடுவில் வெளுத்து, ஓரத்தில் அடர்ந்திருக்கும் அல்லவா. அல்ட்ராமரைனை இதற்கு மேல் கூட்டினால் நுரையே நீலமாக வருகிறது. ஒரு துண்டை வெள்ளைத் துவாலையில் தேய்த்துப் பார்த்துத்தான் இந்த அளவை முடிவு செய்தேன். வாசனைக்கு மல்லிகை, கிலோவுக்கு 8 கிராம். வழக்கமாகச் சொல்லும் அளவில் இது பாதிகூட இல்லை. ஆனால் ஏழாம் மாதத்தில் இருக்கிறவளுக்கு எந்த வாசனையும் தூக்கலாக இருந்தால் குமட்டுகிறது. அவள் முகர்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன அளவு இதுதான்.

உருக்கும்போது குவளையை மூடி வைக்க மறக்காதீர்கள். திறந்து வைத்து உருக்கினால் நீர் ஆவியாகி, கட்டி ரப்பர் மாதிரி இறுகி, 52இலேயே ஊற்ற வராத பதத்துக்கு வந்துவிடும். இரண்டாவது கட்டியில் அப்படியானது. ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறியதும் வழிக்கு வந்தது. மூன்றாவது கட்டியில் கம்பியை ஒரு சுற்று கூடுதலாக இழுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் நெளி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அந்தக் கட்டியில் மட்டும் கோடுகள் சிதைந்து, பால் கலங்கியது போல் இருக்கிறது. கம்பி எதிர்ச்சுவரைத் தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்.

வெட்டுவதற்குக் கத்தியை விட, பரோட்டா மாவு வெட்டும் அகலத் தகடு நல்லது. கத்தி ஐந்தரை சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள் சாய்ந்து, துண்டு ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்து வந்தது. தகட்டை நெட்டாக வைத்து இரு கையாலும் அழுத்தினால் நேராக இறங்குகிறது. அச்சின் ஓரத்தில் தாள்நாடா ஒட்டி 2 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டேன். துண்டு 80 கிராம், முன்பின் நாலு கிராம். கட்டியின் இரு முனைத் துண்டுகளிலும் கோலம் விழவில்லை, கம்பி அதுவரை எட்டாததால். நாலு கட்டிக்கு எட்டு முனைத் துண்டு கழிந்தது. கையில் சரியாக நாற்பது.

செலவு: கட்டி ஏழு கிலோ, கிலோ 14 வெள்ளி, ஆக 98. மைக்கா 10, அல்ட்ராமரைன் 6, மல்லிகை எண்ணெய் 12, ஆல்கஹால் 6, அச்சு இரண்டு 18, தெர்மாமீட்டர் 15, உறை 8. மொத்தம் 173 வெள்ளி. கெட்டுப்போன முயற்சிகளையும் கருவிகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் துண்டுக்கு இரண்டு வெள்ளி 45 காசு. கெட்டுப்போனதிலும் எதையும் குப்பையில் போடவில்லை. அந்த வெளிர்நீலக் கட்டியை மறுபடி உருக்கி, சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, கைகழுவுவதற்கென்று எதிர்வீட்டுக்கும் கொடுத்தேன்.

அடுத்த முறை தெர்மாமீட்டர் இரண்டு வாங்குவேன், குவளைக்கு ஒன்று. ஒன்றை மாற்றி மாற்றித் துடைத்து அளப்பதற்குள் ஒரு டிகிரி போய்விடுகிறது. ஒரு கிலோ அச்சுக்குப் பதில் அரைக்கிலோ அச்சு இரண்டு வைத்துக்கொள்வேன். தனியாகச் செய்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிக்கலாம், ஒன்று கெட்டாலும் பாதிதான் நட்டம். இந்த முறை அத்தை இல்லாவிட்டால் ஒரு கட்டிகூட உருப்பட்டிருக்காது. குவளையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தே "இன்னும் ரெண்டு நிமிஷம் பொறும்மா" என்பார். ஊசியைக் குத்திப் பார்த்தால் 53 இருக்கும். அவர் கைக்கு அது எப்படித் தெரிகிறது என்று கேட்டால், அறுபது வருஷமாகப் பால் காய்ச்சிய கை என்கிறார்.

ஆறாவது முயற்சியில் வந்த ஆறு துண்டில் ஒன்றை உறையைப் பிரித்துக் குளியலறையில் வைத்துத் தினமும் பயன்படுத்துகிறோம். இன்று பதினாறாம் நாள். பாதி தேய்ந்துவிட்டது. நீலக்கோட்டின் ஓரம் இன்னும் மங்கவில்லை, தேயத் தேய உள்ளேயிருந்து வேறு வேறு வளைவு வந்துகொண்டிருக்கிறது.